நாலு வீட்டுச் சுண்டல் கணக்கு

நவராத்திரி முடிந்த மறுநாள். பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் என் மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அப்பா, மேத்ஸை விட்டுடலாம்னு இருக்கேன். அணிக்கு இன்வர்ஸ் போடத் தெரியுது, எதுக்குப் போடறோம்னுதான் தெரியலை" என்றாள்.

வீட்டில் தமிழ், வெளியே இந்தி, பாடம் ஆங்கிலம் என்று போபாலில் வளர்ந்தவள். தமிழில் சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது.

"இங்கே உட்காரும்மா. வரிசையாக நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சில கிண்ணம் சுண்டல். தன் வீட்டுக் கணக்கை யாரும் சொல்லமாட்டார்கள். ஒட்டியுள்ள வீடுகளின் மொத்தத்தை மட்டும் சொல்வார்கள். முதல் வீடு 5 என்கிறது; இரண்டாம் வீடு 7, மூன்றாம் வீடு 11, நாலாம் வீடு 3. யாரிடம் எவ்வளவு?"

சிறிது யோசித்து, "4, 5, 3, 6" என்றாள்.

"இதுதான் நேர்மாறு. வீடு புள்ளி, அண்டை உறவு கோடு. இந்தப் படமே கிராஃப். அண்டை வீடென்றால் 1, இல்லையென்றால் 0 என்று எழுதும் கட்டம் அண்டை அணி. மொத்தத்திலிருந்து அவரவர் கணக்குக்குத் திரும்பும் வழி அதன் நேர்மாறு."

மூன்று வீட்டுக்குப் போட்டாள், வரவில்லை. ஓர வீடுகள் இரண்டும் நடுவீட்டுக் கணக்கையே சொல்கின்றன. நடுவீடு சொல்லும் மொத்தத்தைப் பிரிக்க வழியில்லை. வளையம் இல்லாத படங்களுக்கு விதி எளிது: ஒட்டியுள்ள வீடுகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் யாரும் தனியாக மிஞ்சக்கூடாது. அப்போதுதான் நேர்மாறு உண்டு. அதில் வரும் எண்களும் 0, 1, -1 மட்டுமே. இத்தகைய நேர்மாறும், குறிகளைச் சற்று மாற்றினால், இன்னொரு கிராஃபின் அண்டை அணியாகிவிடும் என்று கிறிஸ் காட்சில் 1985-இல் காட்டினார்.

நாலு வீட்டின் நேர்மாறைப் படமாக வரையச் சொன்னேன். நாலாம் வீட்டுக் கணக்கு, மூன்றாம் வீடு சொன்னதில் முதல் வீடு சொன்னதைக் கழித்தால் வருகிறது: 11 - 5 = 6. ஆகவே முதல் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் ஒரு கோடு.

"அப்பா! இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பக்கத்து வீடாயிடுச்சே!"

ஊரை விட்டு வந்த எனக்கு அது கணக்காக மட்டும் படவில்லை.

கணிதத்தை விடுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நேற்று இரவு ஆறு வீட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.