கண்ணாடிக்குள் அடிதடி

ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தாவின் காலிஃப் தெரு சந்தை. பாலிதீன் பைகளில் நீந்தும் மீன்களில் அழகானதைக் குழந்தை சுட்டிக்காட்ட, அப்பா தலையாட்டுகிறார். தொல்லை ஆரம்பம்!

இரண்டடித் தொட்டியில் ஏஞ்சலோடு டைகர் பார்பை விட்டால், ஏஞ்சலின் நீண்ட துடுப்புகள் கந்தலாகிவிடும். வளர்ந்த ஏஞ்சலோ நியான் டெட்ராவை விழுங்கிவிடும். தங்கமீன் பரம சாது. ஆனால் அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும்; தவிர, அதன் கழிவில் சேரும் அமோனியா சின்னத் தொட்டியை நஞ்சாக்கிவிடும். ஆண் ஃபைட்டருக்குத் தனிக்குடித்தனம்தான் சரி. வண்ண வால் கப்பியைக்கூட எதிரி ஃபைட்டராக நினைத்துப் பாயும்.

கப்பி, பிளாட்டி, அடியில் மேயும் கோரிடோராஸ் மூன்றும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தும். என்ன, கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். சில குட்டிகளைத் தானே தின்றும்விடும். அதைக் குழந்தைக்கு விளக்குவது அப்பா பாடு.