மடிக்கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி.?

பணியிடைப் பயிற்சிகளின் தேநீர் இடைவேளையில், கணினி ஆசிரியர் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "புது லேப்டாப் வாங்கியிருக்கேன் சார். 256 ஜி.பி.தான் இருக்கு. பாட வீடியோவாலேயே நிறைஞ்சிடுது. பெரிய எஸ்.எஸ்.டி. போடணும்னா எதை வாங்கலாம்?"

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறோம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நம் மடிக்கணினி எதை ஏற்கும் என்பதை. அடுத்தது கொள்ளளவு. வேகம் அதற்கும் பிறகுதான்.

சுழலும் தட்டும் சுழலாத சில்லும்

பழைய வன்தட்டில் (ஹார்டு டிஸ்க்) ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதன்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தரவைத் தேடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. சில்லுகளுக்குள் மின்னூட்டமாகத் தரவு தங்குகிறது. தேடும் நேரம் மிச்சமாவதால் கணினி சட்டென்று திறக்கிறது. பேருந்துப் பயணக் குலுக்கலையும் தாங்குகிறது.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் வந்தவை வன்தட்டு மடிக்கணினிகள். அந்தக் காலத்து மடிக்கணினி உங்களிடம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால், 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

தோணியும் துறைமுகமும்

சாட்டா, என்.வி.எம்.இ. என்ற இரண்டு சொற்களைத் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு நான் இப்படி விளக்குவேன். நம் வ.உ.சி. துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அது கட்டப்படுவதற்கு முன்பு, கரையருகே ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணிகள் சுமந்து போய்வரும். கிட்டங்கியில் எத்தனை வேகமாக மூட்டை எடுத்துக் கொடுத்தாலும், தோணி போய்வரும் வேகம்தான் மொத்த வேகம். இன்று கப்பலே தளத்தை ஒட்டி நிற்கிறது.

சாட்டா என்பது தோணி வழி. சில்லு எவ்வளவு வேகமானாலும் நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். என்.வி.எம்.இ. கப்பல் தளம் போன்றது. அதில் மூன்றாம் தலைமுறை சுமார் 3500, நான்காம் தலைமுறை சுமார் 7000 மெகாபைட் வரை எட்டும். நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி.யை மூன்றாம் தலைமுறை மடிக்கணினியில் பொருத்தினால், மூன்றாம் தலைமுறை வேகம்தான் கிடைக்கும்.

மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், மணற்கேணி காணொலி ஆகியவை நம் அன்றாட வேலைகள். இவற்றில் இந்த இரு தலைமுறைகளுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பணத்தைக் கொள்ளளவில் போடுவதே நல்லது.

வாங்கும் முன்

1. மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் பாருங்கள். எம்.2 வகையில் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சிலவற்றில் 2242 அல்லது 2230 மட்டுமே பொருந்தும். எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு, எது பொருந்தும் என்று உறுதிசெய்யுங்கள். சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. இரண்டாவது இடம் காலியாக இருந்தால் பழையதைக் கழற்ற வேண்டியதே இல்லை.

2. 256 ஜி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். இது மோசடி அல்ல. தயாரிப்பாளர் 1000இன் மடங்கில் எண்ணுகிறார். விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. வகுப்பில் அடுக்குக்குறி நடத்த நல்ல கணக்கு!

3. எஸ்.எஸ்.டி.யின் ஆயுளை, எழுதக்கூடிய மொத்தத் தரவாகக் குறிப்பிடுவார்கள். 1 டி.பி. கொள்ளளவுள்ள பலவற்றில் அது 600 டி.பி. நாளுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டி.பி.தான், 80 ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வருகிறது. ஆகவே தேய்மானத்தை நினைத்துக் கவலை வேண்டாம். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

4. நம்ப முடியாத விலைக்கு வரும் 2 டி.பி. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் போலி. ரசீதோடு வாங்குங்கள். மடிக்கணினியைத் திறந்தால் அதன் உத்தரவாதம் பாதிக்குமா என்றும் முன்பே கேளுங்கள்.

5. விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை மாற்றும் முன்பே எழுதி வையுங்கள்.

நகல் இல்லாமல் மாற்றாதீர்கள்

பழுதாகும் வன்தட்டு பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம். அதில் அழித்த கோப்பை மீட்பதும் அரிது. காலியான இடத்தை அது தானாகவே துடைத்துவிடுகிறது.

2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. வெள்ளம் புகுந்த வீட்டில் மடிக்கணினியும், அதே மேசை இழுப்பறையில் வைத்த பென்டிரைவும் ஒன்றாகத்தான் நனையும். ஆகவே முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: மடிக்கணினியில் ஒன்று, வெளியே ஒரு சேமிப்பகத்தில் ஒன்று, வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. கழற்றிய பழைய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. உறையில் போட்டால் இரண்டாவது பிரதிக்கு ஆகும். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதன் மின்னூட்டம் கசியும். சில மாதங்களுக்கு ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

அதைப் பிறரிடம் கொடுப்பதானால் முழுமையாக அழித்துவிட்டே கொடுங்கள். அதில் நம் மாணவர்களின் ஆதார் எண்ணும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் இருக்கக்கூடும்.