வட்டி நிற்கும் நாள்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் வழியில் நூற்பாலைகள் பலவற்றைக் காணலாம். மாணவ நண்பர்களே, உங்களுள் சிலருடைய தாயோ தந்தையோ அத்தகைய ஆலையொன்றில் உழைத்திருக்கக் கூடும். அவர்களுடைய சம்பளச் சீட்டில் பி.எப். என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் பிறந்தது. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. துணித் தொழில் அவற்றுள் ஒன்று. ஆகவே ஆலைத் தொழிலாளிக்கு இது பழைய உறவுதான். அந்நாளில் சம்பளத்தில் ரூபாய்க்கு ஓரணா வீதம், அதாவது நூற்றுக்கு ஆறேகால், பிடித்தார்கள். முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். பிற்காலத்தில் அது நூற்றுக்கு 12 ஆக உயர்ந்தது.

பணம் சேர்வதை எல்லோரும் அறிவர். அதைத் திரும்ப எடுப்பதற்கும் ஒரு காலம் உண்டென்பதைப் பலர் அறியார்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். ஆலையில் பஞ்சுத் தூசியோடு பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, 2014இல், தம் ஐம்பத்தாறாம் வயதில் ஓய்வு பெற்றவர். 2022இல் ஒருநாள் மடித்து மடித்து நைந்துபோன கணக்குச் சீட்டொன்றை என்னிடம் கொண்டுவந்தார். "அது பாட்டுக்கு வளர்ந்துகிட்டு இருக்கும்னு விட்டுட்டேன் தம்பி" என்றார்.

அது வளரவில்லை. 55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்றவர் 36 மாதங்களுக்குள் தம் தொகையைக் கேட்டுப் பெறாவிட்டால், அது செயலற்ற கணக்காகிவிடும். வட்டியும் அத்துடன் நின்றுவிடும். அம்மையாரின் கணக்குக்கு அந்த நாள் 2017இலேயே வந்து போயிற்று. முதல் அழியவில்லை, ஆனால் அசையாமல் கிடந்தது.

இளவயதில் வேலையை விட்டவர் நிலை வேறு. 2011 ஏப்ரல் முதல், மூன்றாண்டு பணம் வராத கணக்கு எதுவாயினும் வட்டி இல்லை என்றிருந்தது. 2016 நவம்பரில் அதைத் திருத்தினார்கள். ஆகையால், மணமானதும் இருபத்திரண்டு வயதில் ஆலையை விட்டுவந்த ஒரு பெண்ணின் கணக்கு அவளுடைய 58ஆம் வயது வரை வட்டி ஈட்டும். உங்கள் வீட்டிலேயே அப்படி ஓர் அக்கா இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இத்தகைய கெடு அமெரிக்காவிலும் உண்டு; ஆனால் அங்கே கண்டிப்பு அதிகம். ஓய்வுக்கால சேமிப்புக் கணக்குகள் பலவற்றில், 73 வயதானபின் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை எடுத்தே தீரவேண்டும். முதல் முறைக்கு, 73 நிறையும் ஆண்டிற்கு அடுத்த ஏப்ரல் 1 வரை அவகாசம். பின்னர் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31. தவறினால், எடுக்காத தொகையில் நூற்றுக்கு 25 தண்டம். உரிய காலத்தில் சரிசெய்தால் 10. ஏன் இவ்வளவு அவசரம்? சேமித்தபோது வாங்காமல் விட்ட வரியை, சேமித்தவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கத் தொடங்கவேண்டும் என்பது அந்த அரசின் எண்ணம். நம் வைப்பு நிதியிலோ, ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தவர் எடுக்கும் தொகைக்குப் பொதுவாக வரி இல்லை. எனவே இங்கே எவரும் விரட்டுவதில்லை, தண்டமும் இல்லை. வட்டி மட்டும் ஓசையின்றி நின்றுவிடுகிறது. விரட்டாத கெடுவே ஏழைக்கு அதிக ஆபத்தானது என்று எனக்குத் தோன்றுகிறது.

செயலற்றுப்போன பின் ஏழாண்டு எவரும் கேளாத தொகையை முதியோர் நல நிதிக்கு மாற்ற 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வழிசெய்தது. அதன் பிறகும் 25 ஆண்டுகள் வரை உரியவர் கேட்கலாம். அதற்கப்பால் அது அரசுக்குச் சேரும்.

கேட்பதிலும் ஓர் இடர் உண்டு. நம் பெயர்களின் முன்னெழுத்து ஆலைப் பதிவில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கும். அம்மையாருக்கு ஆலையில் தந்தை பெயரின் எழுத்து. ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து. அதைச் சரிசெய்து, இறுதித் தொகை கேட்கும் 19ஆம் எண் படிவத்தை அனுப்பினோம். நான்கு மாதம் கழித்துப் பணம் வங்கிக்கு வந்தது. ஐந்தாண்டு வட்டி அதில் இல்லை.