மணி அடிப்பார் இல்லாத பணிமனை

கல்லூரி மணி ஒலித்ததும் மாணாக்கர் வகுப்பிற் கூடுகின்றனர். ஆசிரியர் இடாப்பை எடுக்கின்றார். வாராதவர் யார், வந்தும் வேலை செய்யாதவர் யார் என்பன ஒரு நோக்கிலேயே புலப்பட்டுவிடும். கந்தோர்களும் தொழிற்சாலைகளும் நெடுங்காலம் இம்முறையையே கைக்கொண்டன. ஓரிடத்திற் கூடுதல், ஒரே வேளையில் வேலை செய்தல், ஒருவர் கண்காணித்தல் என்னும் மூன்றும் தொழில் நடத்துவார்க்கு இன்றியமையாதன என்று கருதப்பட்டன. இம்மூன்றும் இல்லாமலே ஒரு பெருந்தொழில் நடைபெறக் கூடுமோ எனின், கூடும் என்பதற்கு இன்று சான்றுகள் உள. அதற்குத் துணை செய்வது தன்னியக்கம். அஃது எவ்வாறு உதவுகின்றது, எவ்விடத்திற் கைவிடுகின்றது என்பவற்றை ஓர் உண்மை நிகழ்ச்சி வாயிலாக விளக்குதலே எமது நோக்கம்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகந் தேடி மலாய் நாட்டுக்குக் கப்பலேறினர். வேலை இருந்த இடத்துக்கு ஆள் போகவேண்டியிருந்தது. இன்றோ நம் பழைய மாணவருட் சிலர் தம் வீட்டு அறையில் இருந்தவாறே கடல் கடந்த கொம்பனிகளுக்கு வேலை செய்கின்றனர். பெற்றோரைப் பேணிக்கொண்டு ஊரிலேயே வாழ விரும்பும் இளைஞர்க்கு இது சிறிய செய்தியன்று. “இவர்களை யார் பார்த்து வேலை வாங்குகின்றார்?” என மூத்த பழைய மாணவர் ஒருவர் எம்மை வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கிற்லாப் என்பது மென்பொருள் ஆக்கும் ஒரு கொம்பனி. 2011 ஆம் ஆண்டில் உக்கிரேன் நாட்டினரான திமித்திரி சப்பறோசெற்ஸ் என்பவர் தம் வீட்டிலிருந்து அவ்வேலையைத் தொடங்கினார். அவ்வீட்டிற்குக் குழாய்நீர் இல்லை. பொதுக்கிணற்றிற்குச் சென்றே நீர் கொணர்தல் வேண்டும். அக்குறையினும், பலர் கூடி வேலை செய்தற்கேற்ற நல்ல கருவி இல்லாமையே அவருக்குப் பெருங்குறையாகத் தோன்றியது என்று அக்கொம்பனியின் வரலாறு கூறும். ஒல்லாந்து நாட்டினரான சிற் சிபிரண்டி பின்னர் அவருடன் சேர்ந்தார். 2014 இல் அது கொம்பனியாக உருப்பெற்றது. 2021 ஒக்ரோபரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற போது அதன் பணியாளர் 60 இற்கு மேற்பட்ட நாடுகளில் இருந்தனர். ஆயினும் தலைமைக் காரியாலயம் என்று சொல்லத்தக்க கட்டடம் அதற்கு இல்லை.

இவ்வாறு சிதறியிருப்போர் எதிர்கொள்ளும் முதல் இடர் காலம். தை மாதத்தில் இலங்கையிற் காலை 9 மணியாகும்போது சான் பிரான்சிஸ்கோவில் முதல் நாள் மாலை 7.30 மணி. ஒருவர் வேலை தொடங்கும்போது மற்றவர் உணவுண்டு உறங்கச் செல்கின்றார். எழுந்து போய்க் கேட்டுத் தெளிதற்கு அடுத்த மேசையில் ஆள் இல்லை. ஆதலின் செய்த வேலையும் அதற்குரிய காரணமும் ஆள் இல்லாத வேளையிலும் தாமே பேசக்கூடியனவாதல் வேண்டும்.

இதற்கு அடிப்படையாய் அமைந்தது கிற் என்னும் கருவி. இலினக்ஸ் மென்பொருளைத் தொடங்கிய இலினஸ் ரோவால்ட்ஸ் 2005 இல் அதனை ஆக்கினார். அதன் தன்மையைத் தமிழ் கற்றோர்க்கு ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு விளக்கலாம். ஒரு நூலைப் பல ஊரவர் பலகாலும் படியெடுத்தமையாற் பாடபேதங்கள் மலிந்தன. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, உண்மைப்பாடம் காண்டற்குப் பெரிதும் உழைத்தனர். கிற் அவ்வொப்புநோக்கலைக் கணப்பொழுதிற் செய்கின்றது. பணியாளர் ஒவ்வொருவரிடமும் முழுப் பிரதியும் அதன் வரலாறும் உண்டு. எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பது பதிவாகின்றது. இருவர் வெவ்வேறிடங்களில் செய்த மாற்றங்களை அது தானே இணைத்துவிடும். இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருப்பின், தானாக ஒன்றைத் தெரிந்துகொள்ளாது நின்று, “நீங்களே தீர்மானியுங்கள்” என்று மனிதரிடம் விட்டுவிடும்.

இரண்டாவது இடர் நம்பிக்கை. முகம் அறியாத ஒருவர் அனுப்பிய மாற்றம் முழு வேலையையும் கெடுத்துவிடாது என்பதற்கு என்ன உறுதி? இங்கே தன்னியக்கப் பரிசோதனை துணைநிற்கின்றது. ஒருவர் தம் மாற்றத்தை அனுப்பியவுடன் ஒரு கணினி அதனை ஏற்று, முன்னரே எழுதிவைக்கப்பட்ட சோதனைகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்துகின்றது. யாவும் தேறினால் பச்சை அடையாளம்; ஒன்று தவறினாலும் சிவப்பு அடையாளம், தவறிய இடத்தின் குறிப்புடன். பரீட்சைத் தாளை அவ்விடத்திலேயே திருத்திக் கையிற் கொடுத்தாற் போன்றது இது. அதன் பின்னரே வேறொரு பணியாளர் அம்மாற்றத்தை வாசித்து ஒப்புதல் அளிப்பார். எளிய பிழைகளைப் பொறி முன்னரே களைந்துவிடுதலால் அவர் தம் கருத்தைச் சிந்தித்தற்குரிய பகுதியிற் செலுத்தலாம். இங்கே கண்காணிக்கப்படுவது வேலையேயன்றி ஆளன்று என்பதை அம்மூத்தவருக்கு விடையாகக் கூறுவோம்.

எனவே, மறவாது நினைவில் வைத்தல், சலியாது சோதித்தல், உரியவர்க்கு உரிய வேளையில் அறிவித்தல் என்னும் மூன்றும் தன்னியக்கத்தின் தொழில்கள் எனலாம். மணி, இடாப்பு, கண்காணி ஆகியவற்றின் இடத்தை இவை நிரப்புகின்றன. இவ்வளவில் நிறுத்திவிடின் இக்கட்டுரை ஒருபக்கப் புகழுரையாய் முடியும். ஆதலின் அதே கொம்பனிக்கு நேர்ந்த இடரையும் எடுத்துரைத்தல் முறையாகும்.

2017 சனவரி 31 ஆம் நாள் இரவு அக்கொம்பனியின் தரவுத்தளம் மிகுந்த சுமையினால் இடர்ப்பட்டது. முதன்மைக் கணினியிலுள்ள தரவுகளை ஒரு துணைக்கணினி ஓயாது படியெடுத்துக்கொண்டிருக்கும், அப்படியெடுப்பு நின்றுபோயிற்று. நேரமாகிவிட்டமையால் வேலையை முடிக்க எண்ணியிருந்த பொறியியலாளர் ஒருவர், அதனைச் சீர்செய்தற்காக மேலும் இருந்து உழைத்தார். துணைக்கணினியின் பழைய தரவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கக் கருதியவர், அக்கட்டளையை முதன்மைக் கணினியில் இட்டுவிட்டார். ஓரிரு விநாடியிற் பிழையை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற்றுத் தரவில் 4.5 கிகாபைற்று மாத்திரமே எஞ்சியது.

காப்புப் பிரதி இருக்கும் என்று தேடினர். தரவைக் காத்தற்கென ஐந்து முறைகள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இயங்கவில்லை. நாடோறும் தானாகவே பிரதி எடுக்க வேண்டிய கருவி, தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பாய் இருந்தமையால், ஒவ்வொரு முறையும் தவறியது. தவறியதை அறிவிக்கப் பொறி மின்னஞ்சல் அனுப்பவும் செய்தது. அனுப்புநரை உறுதிசெய்யும் ஒப்பம் அவற்றில் இன்மையால், பெறவேண்டிய இடத்தில் அவை தள்ளப்பட்டன. ஒருவர்க்கும் ஓர் அறிவித்தலும் வரவில்லை. வராமையை யாவரும் நலம் என்று கொண்டனர்.

வேறொரு வேலையின் பொருட்டு அதே பொறியியலாளர் 6 மணி நேரம் முன்னர்த் தம் கையாலே எடுத்துவைத்த பிரதி ஒன்றே இறுதியில் உதவியது. மீட்புவேலையை உலகோர் காண நேரடியாக ஒளிபரப்பினர். மென்பொருள் எழுத்துக்கள் வேறிடத்தில் இருந்தமையாற் பிழைத்தன. எனினும் ஏறத்தாழ 6 மணி நேரப் பதிவுகள் அழிந்தன. 5,000 வரையான செயற்றிட்டங்களும் 5,000 வரையான குறிப்புரைகளும் சுமார் 700 புதிய கணக்குகளும் பாதிப்புற்றன.

பின்னர்க் கொம்பனி வெளியிட்ட அறிக்கை நம் கருத்தை ஈர்ப்பது. அதில் அப்பொறியியலாளரின் பெயர் இல்லை. ‘ஏன்’ என்னும் வினாக்களே அடுக்கப்பட்டுள்ளன. காப்புப் பிரதிகள் ஏன் ஒழுங்காகச் சோதிக்கப்படவில்லை என்னும் வினாவிற்கு, அதற்குப் பொறுப்பாளர் என ஒருவரும் இருந்திலர் என்பதே விடை. பிரதியை மீட்டுப் பார்க்கும் சோதனையையும் தன்னியக்கமாக்குதல் திருத்தங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி எல்லாக் கொம்பனிகளுக்கும் பொருந்தும். எனினும் பணியாளர் சிதறியிருக்கும் இடத்தில் இதன் அபாயம் பெரிது. ஒரு கட்டடத்தில் வேலை செய்வோர், “நேற்றைய பிரதி வந்ததா?” என்று வழியிற் கண்டு கேட்கக்கூடும். வெவ்வேறு நாடுகளில் இருப்போர்க்கு அத்தகைய தற்செயலான பேச்சு அரிது. பொறி பேசாதுவிடின் அவர்களுள் ஒருவர்க்கும் ஒன்றும் தெரியாது.

ஆதலின் இம்முறையைக் கைக்கொள்வோர் மூன்று ஒழுங்குகளைப் பேணுதல் வேண்டும். தானே நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தவறிய செய்தியை மட்டுமன்றி நிறைவேறிய செய்தியையும் பொறி அறிவித்தல் வேண்டும். அப்போதுதான் மௌனம் ஐயத்தை எழுப்பும். காப்பென வைத்ததைக் குறித்த நாளில் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும். தீயணைக்கத் தொங்கவிட்ட வாளியில் மணல் உண்டோ என்று தீப்பற்றிய பின்னரா பார்ப்பது?

வீட்டிலிருந்து உலகுக்கு வேலை செய்யப் புகும் நம் இளைஞர் கணினி அறிவை எங்கும் கற்றுக்கொள்வர். தாம் செய்ததைத் தெளிவாக எழுதிவைத்தல், பிழை நேர்ந்தால் மறையாது உரைத்தல், ஒருவரும் காணாவிடத்தும் தம் பொறுப்பைத் தாமே நோக்குதல் என்பவற்றை வகுப்பறையிலேயே பழகிச் செல்லல் வேண்டும். மணி அடிப்பார் இல்லாத பணிமனையில் மணி நம் உள்ளத்தில் ஒலித்தல் வேண்டும். அதனைப் பழக்கிவிடுதல் ஆசிரியராகிய எம் கடன். யூபிலி காணும் இக்கல்லூரி இனியும் அக்கடனை வழுவாது ஆற்றுவதாக.