ஊசிக்கு முன்னால் விரல்

அக்குபங்சர் என்றதும் உடம்பெல்லாம் ஊசியோடு முள்ளம்பன்றி மாதிரி படுத்திருக்கும் ஆள்தான் நினைவுக்கு வருவார். ஜப்பானியப் பாணியில் அந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. ஊசியின் பருமனே பெரும்பாலும் 0.16, 0.18 மில்லிமீட்டர்தான். வெறுங்கையால் குத்தினால் வளைந்துவிடும். அதனால் சின்னக் குழல் ஒன்றைத் தோலில் ஊன்றி, அதற்குள் ஊசியை விட்டு, துளி வெளியே நீட்டியிருக்கும் தலையில் விரலால் ஒரு தட்டு. இறங்கியதே தெரியாது.

குழலைப் பரப்பியவர் 17ஆம் நூற்றாண்டின் சுகியாமா வாயிச்சி. பார்வையற்றவர். எனோஷிமா தீவில் தடுக்கி விழுந்தபோது பைன் ஊசியிலை குத்தி யோசனை பிறந்ததாம். அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். பார்வையற்றோருக்கு அவர் பள்ளி நடத்தியது வரலாறு. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் வளர்ந்த தொழில் என்பதால், நாடியையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பதற்கு இங்கே அவ்வளவு மதிப்பு.

படுத்திருப்பவருக்கும் வேலை உண்டு. நாகானோ கியோஷி என்ற ஜப்பானிய வைத்தியரின் வழிவந்தவர்கள் தொப்புளருகே அழுத்துவார்கள், வலிக்கும். அந்த விரலை எடுக்காமல், மறுகையால் முழங்கைப் பக்கம் ஓரிடத்தை அழுத்தி "இப்போது?" என்பார்கள்.

"கொஞ்சம் தேவலை."

விரல் இம்மியளவு நகரும். "இப்போது?"

"வலி போய்விட்டது."

ஊசி அங்கேதான் இறங்கும். வைத்தியர் மனம் நோகக்கூடாதென்று "பரவாயில்லை" சொல்லிவைக்கிற நல்லவர்களால் இங்கே கெடுதல்தான்.

வீட்டுக்குப் போயும் வேலை விடாது. மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலைப்பஞ்சை அரிசிமணி அளவு உருட்டி, வைத்தியர் காட்டிய இடத்தில் வைத்து ஊதுபத்தியால் பற்றவைப்பார்கள். இதுதான் மோக்ஸா. கவிஞர் பாஷோ 1689இல் நெடும்பயணம் கிளம்புமுன் முழங்காலுக்குக் கீழே இப்படிச் சூடு வைத்துக்கொண்டார்.

இந்த வைத்தியம் நம்புவதுபோல் உடம்பில் 'கி' என்ற சக்தி ஓடுகிறது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. பேச்சுக்குப் பலன் உண்டு என்பதற்கு இருக்கிறது. ஹார்வர்டின் டெட் காப்சக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேர். வெறுமனே காத்திருந்தவர்களில் 28 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். தோலைத் துளைக்காத போலி ஊசி பெற்றவர்களில் அது 44. அதே போலி ஊசியோடு, குறைகளை அக்கறையாகக் காதுகொடுத்துக் கேட்கும் வைத்தியரும் கிடைத்தவர்களில் 62. அவர்களோடு முதல் நாள் பேச ஒதுக்கிய நேரம் 45 நிமிடம்.