மதுரைக் கொடி ஏன் தடுத்தது? தற்குறிப்பேற்ற அணி விளக்கம்

கொடி ஏன் ஆடுதுன்னு கேட்டா, காத்து அடிக்குதுன்னு சொல்லுவோம். சிலப்பதிகாரத்துல இளங்கோவடிகள் வேற காரணம் சொல்றார். மதுரை மதில்ல ஆடுற கொடிங்க, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து, உள்ளே வராதீங்கன்னு கையசைக்குதாம். தன்னால நடக்கிற ஒண்ணுமேல கவிஞர் தன் மனசுல உள்ள குறிப்பை ஏத்திச் சொல்றதுதான் தற்குறிப்பேற்ற அணி. தண்டியலங்காரம் இதுக்கு இலக்கணம் சொல்லுது.

பள்ளிக்கூடத்துல இதோட நிறுத்திடுறோம். சிலப்பதிகாரத்தோட 13ஆவது காதை, புறஞ்சேரி இறுத்த காதையைப் பிரிச்சுப் பாருங்க. அங்கே கொடி கடைசியாத்தான் வருது.

முதல்ல வையை ஆறு. தண்ணி தெரியாத அளவுக்குப் பூ மிதந்து வருது. கரையில மரமெல்லாம் பூத்துக் கொட்டினா அப்படித்தானே வரும்? இளங்கோ அப்படி விடல. கண்ணகிக்கு வரப்போற துயரம் அந்த ஆத்துக்குத் தெரியும், கண்ணீரை மறைக்கத்தான் பூவாடை போர்த்திக்கிச்சுன்னு சொல்றார். கோவலனும் கண்ணகியும் அந்த அழகைப் பார்த்துக் கும்பிடுறாங்க!

குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வச்ச ஓடங்க போற பெருந்துறைப் பக்கம் போகாம, வழித்துணையா வந்த கவுந்தியடிகளோட மரத்தெப்பத்துல ஏறித் தென்கரை சேர்றாங்க. அங்கே அகழி. குவளை, ஆம்பல், தாமரை எல்லாம் காத்துல நடுங்குது, தேன் சொட்டுது, வண்டு இரையுது. அந்தப் பூவெல்லாம் இவங்க துயரம் தெரிஞ்சு ஏங்கி அழுதாம். அப்புறம்தான் கொடி. அதுவும் பகைவரோட போராடி ஜெயிச்சு ஏத்தின கொடி.

ஆறு அழுகையை மறைச்சுது, பூவு வாய்விட்டு அழுதுது, கொடி நேராவே தடுத்துது. படிக்கிற நமக்குப் பதறுது, நடந்து போறவங்களுக்கு ஒண்ணும் தெரியல. 16ஆவது காதையில கோவலன் வெட்டுப்படுறான். இதைப் போய் வெறும் அலங்காரம்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

கம்பரும் மிதிலையில கொடியை ஆடவிடுறார். அது இராமனைச் சீக்கிரம் வான்னு கூப்பிடுது, ஏன்னா அங்கே சீதை இருக்கா. காத்து ஒண்ணுதான். கதை போற திசைக்கு ஏத்த மாதிரி குறிப்பு மாறுது.

1892-ல உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோட பதிப்பிச்சார். புறஞ்சேரி இறுத்த காதைக்கு அந்த உரை இருக்கு. தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிங்க, கொடி வர்ற அடியை மட்டும் மனப்பாடம் பண்ணாம, வையையில ஆரம்பிச்சு ஒரு தடவை முழுசாப் படிங்க.