அயர்லாந்தின் சிறு சாலைகளுக்கு இரண்டு பேர் வேண்டும்

அயர்லாந்து என்றதும் சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் படம் ஏறக்குறைய ஒன்றுதான்: பச்சைப் புல்வெளி, அதில் ஆடுகள், பின்னால் கடல், நடுவே ஆளில்லாத ஒரு சாலை. படத்தில் பொய் எதுவும் இல்லை. மேற்குக் கரையில் மாயோ, கால்வே, டோனகல் பகுதிகளில் நண்பர் ஒருவரோடு காரில் கிளம்பினால் மணிக்கணக்கில் கண்ணில் படுவது இதேதான். அந்தச் சாலையில் ஏன் ஆளில்லை என்பதை மட்டும் படம் சொல்லாது. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். இன்றைக்குக் குடியரசையும் வடக்கு அயர்லாந்தையும் கூட்டினால்கூட 70 லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மாயோவில் அன்று சுமார் 3,89,000 பேர். 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,38,000. லீட்ரிம் மாவட்டத்தில் 1,55,000 பேர் இருந்த இடத்தில் இப்போது 35,000. நாம் இயற்கை என்று நினைத்து வியக்கும் அந்த நிலம், மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்து, பட்டினியாலும் கப்பலேறியும் காலியான நிலம். போகிறபோக்கில் பார்த்தால் அது பிடிபடாது. நின்று வாசிக்க வேண்டும். அதற்கு வேகம் குறைந்த சிறு சாலை வேண்டும், வண்டியை ஓட்ட ஒருவரும் நிலத்தைப் பார்க்க ஒருவரும் வேண்டும் என்பதே இங்கே நான் வைக்கும் வாதம்.

நிலம் காலியான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1845-இல் உருளைக்கிழங்குச் செடியை அழுகவைக்கும் ஒரு நோய் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. மேற்கில் ஏழைக் குத்தகைக் குடும்பங்கள் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கைத்தான் நம்பியிருந்தன. விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணத்துக்காக விற்கப்பட்டன. விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்த்ததில் 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டே போனார்கள். அதே நோய் ஐரோப்பாவின் வேறு நாடுகளையும் தாக்கியது. இத்தனை சாவு அங்கெல்லாம் விழவில்லை. ஆகவே பழியைச் செடிநோயின் மேல் மட்டும் போட முடியாது. சும்மா சோறு போடக் கூடாது என்பதில் லண்டன் அரசு உறுதியாக இருந்தது. 1846-47 குளிர்காலத்தில் பட்டினி கிடந்தவர்களைச் சாலை போடவும் கல்லுடைக்கவும் வைத்துக் கூலி கொடுத்தார்கள். அப்படிப் போட்ட சாலைகளில் சில எந்த ஊருக்கும் போய்ச் சேராமல் மலைச்சரிவிலேயே நின்றுபோயின. 1847-இல் வந்த சட்டம் ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்றது. கஞ்சிக்காக நிலத்தை விட்டவர்கள் ஏராளம். விட்ட வீட்டின் கூரையை நிலக்கிழாரின் ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். இந்த நிவாரணக் கணக்கையெல்லாம் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நடத்திய சார்லஸ் டிரெவெல்யன்தான் 1859-இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர். அவர் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பின், தாது வருஷப் பஞ்சத்தில் சென்னைக்குள் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைத் தோண்டவைத்ததும் அதே கொள்கைதான்: வேலை செய்தால் கூலி, கூலி இருந்தால் கஞ்சி.

இந்த வரலாறு புத்தகத்தில் மட்டும் இருந்தால் அதற்காகக் காரில் போக வேண்டியதில்லை. அது நிலத்தின் மேலேயே கிடக்கிறது. முதலில் அந்தப் பச்சை நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் காடு மொத்தப் பரப்பில் 11, 12 சதவீதம்தான். ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான நாடுகளில் ஒன்று. விவசாய நிலத்தில் மிகப் பெரும் பகுதி புல். பஞ்சத்துக்கு முன் மலைச்சரிவில் வெகு உயரம்வரை மண்வெட்டியால் கொத்தி உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். பஞ்சத்துக்குப் பின் துண்டு நிலங்களை ஒன்றாக்கி மாட்டுக்கும் ஆட்டுக்கும் விட்டார்கள். ஆக, அந்தப் பசுமையில் ஒரு பங்கு, ஆள் போன இடத்தில் முளைத்த புல். அதற்கான சாட்சியை மாலை வெயிலில் பார்க்கலாம். வெயில் உச்சியில் இருக்கும்போது வெறும் புல்சரிவாகத் தெரிவது, கதிர் சாய்ந்ததும் சீப்பால் வாரிவிட்ட தலைபோல வரிவரியாக மாறும். ஒவ்வொரு வரியும் ஒரு பாத்தி மேடு. மண்ணைப் புரட்டி அணைத்து, கடற்பாசியும் சாணமும் இட்டு, உள்ளே கிழங்கை ஊன்றிய மேடு. பக்கத்து வாய்க்காலில் நிழல் விழுவதால்தான் அது கண்ணுக்கு அகப்படுகிறது. மேகம் மூடினால் மறைந்துவிடும். கில்லரி கடற்கழியின் இரு கரைச் சரிவுகளிலும், இன்று யாரும் எதையும் விதைக்க நினைக்காத செங்குத்தான இடங்களில்கூட, இந்த வரிகள் உண்டு.

சுவர்களும் அப்படித்தான். மேற்கில் வயலுக்கு வயல் நிற்கும் கல்சுவர்களில் சுண்ணாம்போ சிமென்ட்டோ கிடையாது. வயலில் பொறுக்கிய கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி நிறுத்தியிருப்பார்கள். பல சுவர்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மறுபக்க வெளிச்சம் தெரியும். அட்லாண்டிக் காற்று அந்த இடுக்குகள் வழியாகப் போய்விடுவதால் சுவர் விழாமல் நிற்கிறது. கல்லை அப்புறப்படுத்தவும் எல்லை காட்டவும் ஒரே வேலையாகச் செய்த ஏற்பாடு இது. வயல் சிறிதாக இருக்க இருக்க, அங்கே நிலத்தைப் பங்குபோட்டவர்கள் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் ஸ்டீயரிங் பிடித்திருப்பவரால் பார்க்க முடியாது. அயர்லாந்தின் சாலைகளில் எம் என்று எண் தொடங்கினால் விரைவுச் சாலை, என் என்றால் தேசியச் சாலை, ஆர் என்றால் வட்டாரச் சாலை, எல் என்றால் உள்ளூர்ச் சாலை. நிலம் பேசுவது பெரும்பாலும் கடைசி இரண்டு வகையில்தான். எல் சாலை பல இடங்களில் ஒரு கார் அகலம். நடுவில் நீளவாக்கில் புல் முளைத்திருக்கும், இரு பக்கமும் சுவரோ புதரோ கண்ணாடியை உரசும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடம்வரை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். சதுப்பு நிலத்தின் மேல் போட்ட சாலை அடிமண் சீராக அமுங்காததால் அலையலையாக ஏறி இறங்கும். ஓட்டுபவர் கண்ணை எடுக்கவே கூடாத சாலைகள் இவை. நேவிகேஷன் குரல் எங்கே திரும்புவது என்று சொல்லும். அந்த இடத்தில் என்ன இருந்து இல்லாமல் போயிற்று என்று அதற்குத் தெரியாது. ஐரிஷ் மொழி வழங்கும் பகுதிகளில் ஊர்ப் பலகைகள் அந்த மொழியில் மட்டுமே இருக்கும் என்பதால், போனில் உள்ள ஆங்கிலப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் பக்கத்தில் ஒருவர் தேவை.

பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்க வேண்டியது பழைய வரைபடம். 1824-இல் தாமஸ் கோல்பி தலைமையில் தொடங்கிய நில அளவை, ஒரு மைலை ஆறு அங்குலமாக வரையும் அளவில் தீவு முழுவதையும் 1846-க்குள் வரைந்து முடித்தது. (அந்த அளவைக்காக உருவான அளவுகோல்களின் மாதிரியைத்தான் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்திய நில அளவைக்கு எடுத்துவந்தார்.) பஞ்சம் பிடித்த அதே ஆண்டுகளில் அது முடிந்தது தற்செயல். ஆனால் அதனால்தான் பஞ்சத்துக்கு முந்திய அயர்லாந்தின் வீடுகள்கூட ஒவ்வொன்றாகக் காகிதத்தில் தங்கின. இணையத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். இன்று புல்லும் இரண்டு முள்மரமும் நிற்கிற இடத்தில், கொத்தாகப் பதினைந்து இருபது வீடுகளை அந்த வரைபடம் காட்டும். அதைப் படித்துச் சொல்ல ஒருவரும், சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்த ஒருவரும் இருந்தால்தான் இந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு.

மாயோவில் லூயிஸ்பர்க்கிலிருந்து லீனானுக்குப் போகும் ஆர்335 சாலை இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிற்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மலைகளுக்கு நடுவே டூலாக் ஏரியின் கரையை ஒட்டிப் போகும் அழகான சாலை. 1849 மார்ச் இறுதியில் லூயிஸ்பர்க்கில் நிவாரணத்துக்குக் கூடிய மக்களை, அதிகாரிகள் பார்வையிட வேண்டும், டெல்ஃபி மாளிகைக்கு வாருங்கள் என்றார்கள். கொடுங்குளிரில் நடந்துபோனார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் வழியில் விழுந்து செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் அன்றிலிருந்தே கணக்குகள் ஒத்துப்போவதில்லை. சாலையோரத்தில் எளிய கற்சிலுவை ஒன்று நிற்கிறது. இங்குள்ள நினைவுக்கல்லில் காந்தியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1988 முதல் ஆண்டுதோறும் இந்த வழியில் நினைவு நடை நடக்கிறது. 1991-இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு வந்து நடந்தார். காரில் போகிறவர் கவனிக்காவிட்டால் அந்தச் சிலுவை சில விநாடிகளில் பின்னால் போய்விடும்.

டப்ளினிலிருந்து காலையில் ஏறினால் இரவு கொண்டுவந்து விடும் சுற்றுலாப் பேருந்து இருக்கிறதே, அதில் ஓட்டும் கவலையும் இல்லை, விளக்கம் சொல்ல ஆளும் உண்டு என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பேருந்து விரைவுச் சாலையில் கால்வே பக்கம் வந்து, 214 மீட்டர் உயரமுள்ள மோஹர் பாறைகளில் இறக்கிவிட்டுத் திரும்பும். பாறைகள் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. எல் சாலையில் அந்தப் பேருந்து நுழையவே முடியாது. வரைபடத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லவும் முடியாது. இன்னொரு தரப்பு, நிலத்தை வாசிப்பதென்றால் நடந்தல்லவா போக வேண்டும் என்று கேட்கும். இதற்கு என் பதில் அரை மனதோடுதான் வருகிறது, ஏனென்றால் கேள்வியில் உண்மை இருக்கிறது. 1972-இல் ஆரன் தீவுகளில் குடியேறிய டிம் ராபின்சன், தீவுகளையும் பர்ரன், கானமாரா பகுதிகளையும் காலால் நடந்தே வரைபடமாக்கினார். எந்தக் காராலும் முடியாத வேலை அது. ஆனால் அவருக்கு அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ரயிலும் உதவாது: கிளிஃப்டனுக்குப் போன பாதையை 1935-இலும், ஆக்கில் தீவுக்குப் போனதை 1937-இலும் மூடிவிட்டார்கள். ஆக்கில் பாதை இப்போது நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சைக்கிள் வழி. உடம்பு ஒத்துழைப்பவர்கள் அந்தப் பகுதியை அதிலேயே பார்க்கலாம். கிராமப் பேருந்துகள் உள்ளூர்க்காரரின் சந்தைக்கும் மருத்துவமனைக்குமான நேரத்தில் ஓடுபவை. ஒரு வாரம் மட்டும் உள்ளவருக்குக் கார்தான் வழி. புகையைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஒன்று: 2014-இல் அறிவித்த சுமார் 2,500 கிலோமீட்டர் அட்லாண்டிக் கரைப் பாதையை ஒரே மூச்சில் முடிக்கும் ஆசையை விட்டால், ஒரே மாவட்டத்தில் தங்கி, அதில் சிறு பங்கு தூரமே ஓட்டினால் போதும்.

விடுமுறைக்கு வந்த இடத்தில் ஏன் சாவைத் தேட வேண்டும் என்பது இன்னும் கனமான கேள்வி. அதோடு சேர்ந்தது, இடிந்த வீட்டையெல்லாம் பஞ்சத்தோடு முடிச்சுப்போடுவது சரியா என்பதும். இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்கிறேன்: சரியில்லை. ஆக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடியில் எண்பதுக்கும் மேற்பட்ட கூரையற்ற கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோல் 1957-இல் வெளியிட்ட அயர்லாந்துக் குறிப்பு நூலில் இந்த ஊரைப் பற்றி எழுதிய பிறகு உலகமே அறிந்தது. அது ஒரே நாளில் பஞ்சத்தால் காலியான ஊர் இல்லை. குத்தகைச் சண்டை, கரையோரத்துக்குக் குடிபெயர்தல் என்று பல காரணங்கள். கோடையில் மாடு மேய்க்க வருபவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே தங்கியிருக்கிறார்கள். 1950-களிலும் ஊர் ஊராக இங்கிலாந்துக்கு வேலை தேடிப் போனார்கள். 1961-இல் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சமாகச் சரிந்தது. அந்தக் காலத்தில் பூட்டிய வீடுகளும் இன்று இடிபாடுதான். ஒருவர் பஞ்ச வீடு என்று சொன்னால், சிமென்ட் பூச்சைக் காட்டி, இது நூறு வருஷம்கூட ஆகாதது என்று மறுக்க இன்னொருவர் வேண்டும். நண்பர் என்று நான் சொல்வது இப்படி மறுத்துப் பேசத் தயங்காதவரை. தனியாகப் போகிறவருக்கு முதலில் தோன்றிய விளக்கமே கடைசிவரை நின்றுவிடும்.

முதல் கேள்விக்கு: அங்கே சாவு மட்டும் இல்லை. 1879-இல் மாயோவின் காசில்பாரில்தான் மைக்கேல் டாவிட் முன்னின்று நிலச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, சில பத்தாண்டுகளில் குத்தகைக்காரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். 1891-இல் அமைத்த வாரியம் ஒன்று மேற்கில் சிதறிய துண்டு நிலங்களைச் சேர்த்து நீளப் பட்டைகளாகப் பிரித்துக் கொடுத்தது. சாலையோரமாக ஒவ்வொரு வீடும் தள்ளித்தள்ளித் தன் வயலின் தலைமாட்டில் நிற்கும் இன்றைய காட்சி பல இடங்களில் அதன் விளைவு. அந்த வீடுகளில் இருப்பவர்கள் எதிரே காரில் வரும்போது, முன்பின் தெரியாதவருக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைப்பார்கள். பதிலுக்கு நம் விரலும் உயர வேண்டும்.

கடைசியாக, ஓட்டுவதைப் பற்றி: சாலை ஆபத்து உண்மையானது. அயர்லாந்தில் உயிர்ச்சேதமுள்ள விபத்துகளில் பெரும்பாலானவை கிராமப்புறச் சாலைகளில்தான் நடக்கின்றன. 2025 பிப்ரவரியில் உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். சுவருக்கு நடுவே வளையும் சாலையில் அதுவும் அதிகம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுவது பெரிய நிம்மதி. மேற்கின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 225 நாள் மழை பெய்யும் என்பதால், பாத்தி மேடுகளைக் காட்டும் வெயில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே சாலையில் இரண்டு முறை போக நேரம் ஒதுக்குங்கள். நாளுக்கு நூறு கிலோமீட்டர் போதும். வாடகைக்குக் கார் எடுக்கும்போதே இருவர் பெயரையும் ஓட்டுநராகப் பதிந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் இருக்கை மாறினால், காலை முழுவதும் தார்ச்சாலையை மட்டும் பார்த்தவருக்கும் வரைபடம் கைக்கு வரும்.